பால் வராத வாரம்

இறைச்சி போட்ட பீட்ரூட் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஸல்ஹா அதைக் கிண்டிவிட்டுக் கரண்டியை வெளியே எடுத்தபோதுதான் காம்பில் சுற்றியிருந்த நீல நூலைக் கண்டாள். அது பால் கரண்டி.

பாலும் இறைச்சியும் ஒன்றோடொன்று படக்கூடாது என்பது யூதர்களின் விதி. பக்தாதில் அவள் வீட்டில் பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனி அலமாரிகள் இருந்தன. ஜெருசலேமின் விளிம்பில் இருந்த குடியேறிகள் முகாமில், இந்தத் தகரக் குடிசையில், இரண்டு கரண்டிகளும் ஒரே ஆணியில் தொங்கின. நூல் ஒன்றே வேறுபாடு. ஆவியில் அது கண்ணில் படவில்லை.

குழம்பில் கிடந்த இறைச்சி அவளுடையதன்று. பக்கத்துக் குடிசை ஹபீபாவின் மகள் நஜீமாவுக்கு அன்று மாலை திருமணம், தகப்பனில்லாத பெண். அந்த வரிசையில் இருந்த அனைவரும் தங்கள் பங்கீட்டு இறைச்சியை விருந்துக்கு விட்டுக்கொடுத்திருந்தனர். பால் பட்டது என்று தீர்ப்பானால் அவ்வளவையும் கொட்ட வேண்டும். விருந்தில் ரொட்டியும் ஆலிவ் காயுமே மிஞ்சும்.

யாரும் பார்க்கவில்லை. கரண்டியைக் கழுவி மாட்டிவிட்டால் தீர்ந்தது. மாட்டவும் செய்தாள். ஆனால் ஆணியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

காலமான கணவர் மெனாஷேயின் நினைவு வந்தது. "பெயரையும் தொழுகையையும் மாத்திக்கோ, கடை உனக்கே இருக்கும். உள்ளுக்குள்ள நீ யாருன்னு எவனுக்குத் தெரியப்போகுது?" என்று பக்தாதில் அவருடைய கூட்டாளி கேட்டான். "எனக்குத் தெரியுமே" என்றார் மெனாஷே. அந்த ஒரு சொல்லுக்காகத் துணிக்கடையைத் துறந்து, ஒற்றைப் பெட்டியோடு விமானம் ஏறியவர்கள் அவர்கள்.

ஸல்ஹா அடுப்பைத் தணித்தாள். கரண்டியை எடுத்துக்கொண்டு, முகாமின் குருவான ஹாகாம் குர்ஜியின் குடிசைக்கு நடந்தாள். வழியில் ஹபீபா மறித்தாள்.

"என்ன ஸாஸோன் அம்மா, அடுப்ப விட்டுட்டு எங்க ஓடுற?"

மூத்த மகன் பெயரால் அன்போடு அழைத்தவளிடம் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டாள். ஹபீபாவின் முகம் வெளிறியது.

"யாரு பாத்தா? நான் கேட்டேனா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உனக்கு?"

"நீயும் திங்கப்போற குழம்பு, ஹபீபா."

"எம்பொண்ணு கல்யாணத்துல எல்லாரும் வெறும் ரொட்டியக் கடிக்கணும்னு வேண்டுதலா?" என்று புலம்பியபடியே அவளும் பின்னால் வந்தாள்.

ஹாகாம் ஒழுகும் கூரைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து இறங்காமலே கேட்டுக்கொண்டார்.

"கரண்டி சுத்தமா இருந்துச்சா?"

"கழுவி மாட்டினது, ஹாகாம்."

"இதக் கடைசியா சூடான பால்ல போட்டது எப்போ? நேத்து இந்நேரத்துக்கு முன்னாடியா, அப்புறமா?"

ஸல்ஹா யோசித்துப் பார்த்தாள். தினமும் காலையில் பால் காய்ச்சுபவள்; பதற்றத்தில் எல்லாக் காலைகளும் ஒன்றாகத் தோன்றின. எந்த விடை குழம்பைக் காப்பாற்றும் என்பது அவர் கேட்ட விதத்திலேயே புரிந்தது.

"முன்னாடின்னு சொல்லிடலாம், ஹாகாம். ஆனா நெசமா ஞாபகம் வரல."

ஹபீபா வெடித்தாள். "ஞாபகம் வரலையாம்! பால் எங்கடி வந்துச்சு? வாரம் பொறந்ததுலேருந்து வண்டியே வரல. நேத்துக் குழாயடியில நின்னு வண்டிக்காரனோட பரம்பரையையே திட்டித் தீத்தியே, அது மட்டும் ஞாபகம் இருக்குமா?"

சுத்தியல் நின்றது.

"இன்னொரு தடவ சொல்லு, ஹபீபா."

"எத, இவ திட்டினதையா?"

"பால் வராதத."

ஸல்ஹா கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஆமா ஹாகாம். பவுடர்கூட முந்தாநாளுக்கு முன்னாடியே தீந்துபோச்சு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வெறும் டீதான் குடுத்தேன்."

ஹாகாம் இறங்கி வந்து கரண்டியை வாங்கினார். "ஒரு முழு நாள் பால்ல படாத கரண்டி. அதுல இருந்த பால் ருசி செத்துப்போச்சு. குழம்பு ஆகும். கரண்டி மட்டும் இப்போதைக்கு ரெண்டுக்கும் ஆகாது. நாளைக்குக் கொதிதண்ணியில முக்கித் தர்றேன்."

ஸல்ஹா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஹபீபா தலைத்துணியின் நுனியால் முதலில் தன் கண்களையும், பிறகு அவள் கண்களையும் துடைத்தாள்.

"எந்திரி. குழம்பு அடிபிடிச்சா அதுக்கு ஹாகாம்கிட்ட தீர்ப்பு இல்ல."

பாதி வழியில் ஹபீபா நின்றாள். "அந்த வண்டிக்காரனையும் சாப்பிடக் கூப்பிடணும்."

"அவனையா?"

"திட்டின வாயாலயே நீ போய்க் கூப்பிடு."

அவன் வந்தான். நேற்றுவரை தன்னை ஏசிய பெண்மணி இன்று தட்டு காலியாகும் முன்பே ஏன் குழம்பு ஊற்றுகிறாள் என்பது புரியாமல், தயங்கித் தயங்கிச் சாப்பிட்டான்.