உபயக்காரர் வீட்டுப் பெண்

எங்கள் தெருப் பஜனைக் கூடத்தில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடமும் சொல்லிக்கொடுத்துச் சாப்பாடும் போடுகிறார்கள். தெருக்காரர்களே சேர்ந்து நடத்துவது. நாலாவது படிக்கிற என் மகளும் போனாள். எனக்குப் பட்டுக்கடையில் சேலை எடுத்துப்போடுகிற வேலை. கடை மூட ஒன்பதாகும். அவள் அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்டு. அந்தக் கூடம் இல்லையென்றால் பிள்ளை பூட்டிய கதவுக்கு வெளியே பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும்.

நன்றியோடு இருக்கவேண்டியவள்தான். ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. பள்ளியில் மத்தியானம் போடுகிற சாப்பாட்டில் எனக்குக் கூச்சமில்லை. அது எல்லாப் பிள்ளைக்கும் சர்க்கார் போடுவது. இது அக்கம்பக்கத்தார் போடும் சோறு. கடையில் கட்டிக்கொள்ளக் கொடுத்த மடிப்புக் கலையாத சேலையும் தலை நிறையப் பூவுமாக நான் காலையில் கிளம்புவதைப் பார்க்கிறவர்கள்தான் சாயங்காலம் என் பிள்ளைக்குப் பரிமாறுகிறார்கள். என் குட்டு தினமும் வெளிப்படுகிற மாதிரி இருந்தது.

கூடத்திலும் கோயில் வழக்கம்தான். பிறந்தநாள், திதி என்று யாராவது ஒரு நாள் சாப்பாட்டை ஏற்றுக்கொண்டால், ‘இன்றைய உபயம்’ என்று பலகையில் அவர்கள் பேரை எழுதுவார்கள். உபயக்காரர் வீட்டார் பரிமாறுவார்கள்; பந்தியில் உட்காரமாட்டார்கள். ஒரே ஒரு நாள் உபயம் செய்துவிட்டால் நாங்களும் கொடுக்கிறவர்கள் ஆகிவிடலாம் என்று என் புத்திக்குத் தோன்றியது. மகளின் பிறந்தநாளுக்கு ஏற்றுக்கொண்டேன்.

அன்று கடைக்கு லீவு போட்டுவிட்டு, அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டுக் கையில் சுண்டல் வாளியைக் கொடுத்தேன். அவள் வழக்கமாக உட்காரும் இடத்தை அவளுடைய தோழி தட்டிக் காட்டினாள். மகள் என்னைப் பார்த்தாள்.

“இன்னிக்கு உக்காரக்கூடாதுமா. நாம குடுக்கறவங்க” என்றேன்.

குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். தோழிக்குச் சுண்டல் போடும்போது என் மகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து, கூடத்தில் சமைக்கிற அக்கா கடைக்குப் போன் செய்தார். “உங்க உபயம் ஆனதுலேர்ந்து பாப்பா சாப்பிட மாட்டேங்குதுமா. வாளியத் தூக்கிக்கினு பரிமாறிக்கினே இருக்குது. உக்காருன்னா, நாங்க குடுக்கறவங்கன்னு சொல்லுது. உன்னாண்ட சொல்ல வேணாம்னுச்சு.”

வீட்டுக்கு வந்ததும் ‘சாப்ட்டியா’ என்று கேட்பேன், ‘சாப்ட்டேன்’ என்பாள். நானும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். என் வீம்புக்கு என் பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள். காது வரைக்கும் சுட்டது எனக்கு. எதிரில் வாடிக்கையாளர் ஒருவர் அரக்குக் கலரில் வேறு காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். எதைக் காட்டினேன் என்றே தெரியவில்லை.

முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கிளம்பினேன். கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மகள் வாளியோடு நின்றாள். அதை வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டு, கடைச் சேலையோடேயே பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் உட்கார்ந்தேன்.

“எங்க ரெண்டு பேருக்கும் தட்டு போடுங்கக்கா.”

தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெட்கம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். சோற்றை அளைந்துகொண்டு குனிந்தே இருந்தேன்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மகள் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும். தலை நிமிராமல் வேகவேகமாகச் சாப்பிட்டாள். என் தட்டு காலியானதும் காதருகே வந்து சொன்னாள்.

“இன்னும் வேணும்னா கேளும்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

நான் தட்டை நீட்டினேன்.