மீனுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். வயல் பக்கமே போகக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். அன்றிலிருந்து எனக்குச் சனி பிடித்தது. மனிதர் காலையில் எழுந்ததும் மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் என்று போனில் பார்ப்பார். பிறகு என் சாம்பாரில் எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பார். இரண்டிலும் குறை.

சும்மா உட்காரவைத்தால் ஒருநாள் எனக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் போய் மண்வெட்டியைத் தூக்கிவிடுவார், அங்கேயே விழுந்துவிடுவார் என்று எனக்கு உள்ளூர பயம். அதற்காகத்தான் மீன் தொட்டி வாங்கினேன்.

கடைக்காரர் மஸ்கட்டில் பல வருஷம் இருந்தவர். "இது பாலைவன மீன்க்கா. அங்க மலை ஓடையில, குட்டையில கிடக்கும். வெயில் தாங்கும், உப்பு தாங்கும். யார்கிட்ட விட்டாலும் பிழைச்சுக்கும்" என்றார். என் வீட்டுக்காரரை அவருக்குத் தெரியாது, பாவம்.

விரல் நீளத்தில் நாலு மீன். "பாலைவனத்துல மீனா? நல்லா உன் தலையில கட்டிட்டான். குழம்புக்குக்கூடக் காணாது" என்று வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் ஒரே வாரத்தில் நாற்காலியைத் தொட்டி பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காலையில் ஒரு பார்வை, மாலையில் ஒரு பார்வை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

தைரியமாகத் திருவாரூரில் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால், தொட்டியில் மூன்று விரற்கடைத் தண்ணீர்தான் இருக்கிறது. காற்று விடும் மோட்டாரும் நின்றுபோயிருந்தது.

"என்னங்க இது, தொட்டி உடைஞ்சுபோச்சா?"

"உடையல. வடிய விட்டிருக்கேன்." குரலில் பெருமை வேறு. "பாலைவனத்து மீனுக்கு எதுக்குடி இவ்ளோ தண்ணி? காய்ச்சலும் பாய்ச்சலுமா விடணும். நல்லா காயட்டும், அப்புறம் தண்ணி கட்டுவோம். அப்பதான் வேர் பிடிக்கும்."

வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது நெல்லுக்கு நல்லதுதான். யார் இல்லையென்றது?

"மீனுக்கு ஏதுங்க வேரு?" என்று கத்தினேன்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். தொட்டிக்குள் மீன்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதை அப்போதுதான் கவனித்தார் போலும். "ஐயய்யோ" என்று ஓடிப்போய், குளியலறையிலிருந்து நிறைந்த வாளியை இரண்டு கையாலும் தூக்கினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "வைங்க கீழ! மீன் செத்தா வேற வாங்கிக்கலாம். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்தக் கடையில போய் வாங்குவேன்?"

வாளி இறங்கியது. நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து அவர் பயந்துபோய்விட்டார்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். ஒரேயடியாக ஊற்றக் கூடாது, கொஞ்சம் கல்லுப்பு கரைத்து மெள்ள மெள்ள ஊற்றச் சொன்னார். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து சொம்பு சொம்பாக விட்டார். ஒரு சொம்பு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொம்பு. இத்தனை மாதத்தில் அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை. தண்ணீரை விடவும் நிறுத்தவும் அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்திருக்கிறது. தொட்டியை வடித்ததும் அதற்காகத்தான். இந்த மரமண்டைக்கு அன்றுதான் உறைத்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சாய்ந்த மீன் நிமிர்ந்து நீந்தியது. அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"ஒருநாள் வயலுக்குக் கூட்டிட்டுப் போறியா? எதையும் தொடமாட்டேன். வரப்புல நின்னு பாத்துட்டு வந்துடுறேன்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் என்னிடம் அனுமதி கேட்டு எங்கும் போனதில்லை. மறுநாள் காலையில் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். வரப்பில் கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடை மண்ணைத் தள்ளிவிடக் குனிந்தார். ஒரு கை மண்தானே என்று, பார்க்காதவள்போல் நான் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.