வாழைக்காயோடு ஏர் ஃப்ரையர் வாங்கப் போனோம்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று என் மனைவி அதை இரண்டு முறை படித்தாள். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் எண்ணெயை மருந்து மாதிரி ஸ்பூனில் அளந்துதான் ஊற்றினாள். அப்பளத்தைக்கூட அடுப்புத் தீயில் வாட்டித்தான் தந்தாள். அப்படியும் என் கொழுப்பு இறங்கவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது.

"நான் சமைக்கிறதுலதான் ஏதோ தப்பு இருக்குங்க" என்றாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். விடை வராவிட்டால் வழிமுறையைச் சந்தேகப்படுவது அவள் வழக்கம்.

தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். அலுவலக பஸ் தினமும் சாயங்காலம் என்னைக் குமணன்சாவடியில் இறக்கிவிடும். அங்கே நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன் ஒரு தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவேன். ஒன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் போவேன். நிறுத்தியதில்லை. பிறகு அயனம்பாக்கம் ஏரி ஓரமாக ஐந்து நிமிடம் நின்று, சட்டையில் ஏறிய வாசனையைக் காற்றில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "ஏன் ஏறுதுன்னே தெரியலையே" என்று நானும் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இரண்டு வாரம் வீடியோக்கள் பார்த்தபின், எண்ணெய்க்குப் பதில் சூடான காற்றில் பொரிக்கும் ஏர் ஃப்ரையர் வாங்குவது என்று அவள் முடிவு செய்தாள். நோட்டில் கோடு போட்டு, எத்தனை லிட்டர், எத்தனை வாட், குமிழா தொடுதிரையா என்று எழுதி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது கையில் ஒரு டிபன் டப்பா இருந்தது.

"இது எதுக்கு?"

"வாழைக்காய். மசாலா தடவியிருக்கேன். வீடியோவுல எல்லாருக்கும் நல்லாத்தான் வருது. நம்ம வாழைக்காய்க்கு வருதான்னு பாக்க வேண்டாமா?"

ஆவடிக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். குமணன்சாவடியிலேயே பெரிய கடை இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்டாள். ஸ்கூட்டரை எடுத்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. தள்ளுவண்டி நிற்கும் இடம் காலியாக இருந்தது. நிம்மதியாகக் கடைக்குள் நுழைந்தேன்.

விற்பனையாளருக்கு என் வயதுதான் இருக்கும். முன்பக்கம் வழுக்கை, சட்டைப் பையில் மூன்று பேனா. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. அவரும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"ஊட்ல எத்தினி பேருக்கா?"

"மூணு பேர்."

"அப்ப நாலு லிட்டர் போதும்."

அவள் டப்பாவைத் திறந்தாள். அவருடைய முகத்தில் ஒரு கணம் திகைப்பு ஓடியது. ஆனாலும் அவர் தொழில் தெரிந்தவர். காட்சிக்கு வைத்திருந்த இயந்திரத்தின் கூடையை இழுத்து நீட்டினார். எட்டுத் துண்டு வைத்ததும் கூடை நிறைந்துவிட்டது.

"மேல இன்னொரு அடுக்கு வைக்கலாமா?"

"வைக்கக் கூடாதுக்கா. சூடு காத்து உள்ள சுத்திகினே இருக்கணும். அடுக்குனா வேகாது."

"எட்டுத் துண்டு என் பொண்ணு ஒருத்திக்கே காணாது. ஆறு லிட்டர் காட்டுங்க."

பெரிய கூடையில் மொத்த வாழைக்காயும் பரவி உட்கார்ந்தது. பதினைந்து நிமிடம் வைத்தார். பத்தாவது நிமிடம் வாசனை கிளம்பியதும் ஆட்கள் கூடினார்கள். மிக்ஸி பார்க்க வந்த ஒரு தம்பதி, ஃபேன் வாங்க வந்த ஒருவர். "சாம்பிள் எல்லாருக்கும் உண்டா?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

அப்போது என் மனைவி, "இதுல பஜ்ஜி வருமா?" என்றாள். எனக்காகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"மாவு கரைச்சிப் போடுற ஐட்டம் எதுவும் வராதுக்கா. ஓட்டை வழியா ஒழுகிடும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நம்ம வண்டிக்காரு மொளகா பஜ்ஜி மாரிலாம் எதிர்பாக்காதீங்க அண்ணாத்தே. அது கதையே வேற."

அந்த முகம் எங்கே பார்த்தது என்று இப்போது புரிந்தது. தினமும் எனக்குப் பக்கத்தில் நின்று சட்னி வாங்குகிறவர்.

"எந்த வண்டிக்காரர்?" என்றாள் என் மனைவி.

"ரோட்டுக்கு அந்தாண்ட சாயங்காலம் போடுவாருக்கா. அண்ணாத்தே தெனம் நாலு துன்னுவாரு. நான் ரெண்டோட நிறுத்திக்குவேன். எனக்கு அல்சர் கீது."

இயந்திரம் மணி அடித்தது. தான் எதையோ உடைத்துவிட்டது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம மட்டும் வரவே மாட்டாருக்கா."

என் மனைவி கூடையை இழுத்தாள். வாழைக்காய் பொன்னிறமாக, விளிம்பு மொறுமொறுவென்று வந்திருந்தது. மிக்ஸித் தம்பதிக்கு, ஃபேன்காரருக்கு, அந்த அம்மாளுக்கு, விற்பனையாளருக்கு என்று எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள். எனக்கு மட்டும் தரவில்லை. "பேக் பண்ணுங்க" என்றாள்.

ஸ்கூட்டரில் எங்கள் இருவருக்கும் நடுவில் அட்டைப்பெட்டி இருந்தது. திருவேற்காடு தாண்டினோம். பிறகு பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என் கை மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு, தெரியுமா? எண்ணெயை ஊத்திட்டு, கூட ஊத்திட்டோமோன்னு திரும்பப் பாட்டில்லயே ஊத்தியிருக்கேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இது வேறு மாதிரி வலித்தது.

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

"ஆமா. சொல்லியிருக்கணும்."

வீட்டில் பெரிய பிளக் ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்து மைக்ரோவேவ் விலக்கப்பட்டு ஏர் ஃப்ரையர் குடியேறியது. கையேட்டை மகள் படித்துச் சொல்ல, முதலில் காலியாக ஓடவிட்டார்கள். வீடு முழுக்கப் புது பிளாஸ்டிக் நாற்றம். அடுத்து கருணைக்கிழங்கு. அதில் ஒரு சொட்டு எண்ணெய்கூட அவள் விடவில்லை. அது சிக்கனமா தண்டனையா என்று நான் கேட்கவில்லை.

தட்டை என் முன்னால் வைத்து, "எப்படி இருக்கு?" என்றாள்.

இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு "பிரமாதம்" என்பதுதான் என் பதில். அன்று இன்னொரு துண்டையும் மென்று பார்த்தேன்.

"சாக்பீஸ் மாதிரி இருக்கு."

மகள் என்னைப் பயத்தோடு பார்த்தாள். என் மனைவி ஒரு துண்டை எடுத்துக் கடித்து, மெதுவாக மென்றாள்.

"நான் சாக்பீஸோட பொழங்குறவ. அதுகூட இவ்வளவு மோசமில்ல" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எங்களுக்கும் சிரிக்க அனுமதி கிடைத்தது.

மிச்சக் கிழங்கில் ஒரு ஸ்பூன் எண்ணெயும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசிறி, இன்னொரு முறை வைத்தாள். இந்தத் தடவை நன்றாகவே வந்தது. மூவரும் சமையலறையில் நின்றபடியே தின்றோம். பஜ்ஜி மாதிரியா என்று மகள் கேட்டாள். இல்லை, கிழங்கு மாதிரிதான் இருக்கிறது என்றேன். "அது போதும்" என்று சொல்லி, என் மனைவி கடைசித் துண்டை என் தட்டில் வைத்தாள்.