கரும்புக் கொல்லையில் ஒரு சொம்பு தண்ணீர்

நர்ஸிங் காலேஜில் நான் பிரின்சிபால். வெயில் காலத்தில் கரும்பு வெட்டும் பெண்களின் உடம்புக்கு என்ன ஆகிறது என்று ஆராய, மாணவிகளோடு கரியமாணிக்கம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பலருக்கும் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. ஓஆர்எஸ் பாக்கெட் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னோம். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் குடிக்கவில்லை.

அடுத்த முறை காலையிலிருந்தே அவர்களோடு கொல்லையில் இருந்தேன். உச்சி வெயிலில் ஒரு மாணவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்று கையை ஆட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. தொண்டை வறண்டு கிடக்கிறது, ஆனால் குடித்தால் எங்கே ஒதுங்குவது? கரும்பு வெட்ட வெட்ட, இருந்த மறைவும் போய்க்கொண்டிருந்தது.

ஒதுங்க இடமில்லை என்று நானும் குடிக்காமல் இருப்பதை, ஆட்களைக் கூட்டி வரும் செல்வியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"ஒங்களுக்குமா மேடம்?" என்று சிரித்துவிட்டார். சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரை யாரும் தண்ணீரைத் தொடுவதில்லை என்றார்.

கொல்லைக்காரரிடம் போனேன். நல்ல மனிதர்தான்.

"நாலு நாள் வெட்டுக்குக் கக்கூஸ் கட்டணுமா? இன்னா மேடம் இது?"

கட்ட வேண்டாம், மூங்கிலும் தார்ப்பாயும் போதும், வெட்டு நகர நகரக் கூடவே நகர்த்தலாம், குழியை மண் போட்டு மூடிவிடலாம் என்றேன். ஒரு நாள் போட்டுக் காட்டச் சொன்னார்.

மாணவிகள் கட்டினார்கள். காற்று தார்ப்பாயைப் பிடுங்கிக்கொண்டு போக, காய்ந்த கரும்புச் சோகையில் வழுக்கி விழுந்து துரத்திப் பிடித்தார்கள். பெண்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கட்டி முடித்தும் யாரும் உள்ளே போகவில்லை. கொல்லைக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, கூச்சம். இதோடு சரி என்று நினைத்தேன்.

அப்போது அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டு நேராக உள்ளே போனார். வெளியே வந்ததும் கணவரிடம், "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்தக் கொல்லைல அடக்கிகினு நிக்கிறேன். இது இங்கியே இருக்கட்டும்" என்றார்.

கொல்லைக்காரர் என் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டு வரப்புப் பக்கம் நகர்ந்தார். செல்வி குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு முழுக்கக் குடித்தார். பிறகு சொம்பு கை மாறிக்கொண்டே போனது.

இப்போது அந்தக் கூடாரம் டிராக்டரில் ஏறிப் பக்கத்துக் கொல்லைகளுக்கும் போகிறது. தொற்று என்று வருகிறவர்களும் குறைந்திருக்கிறார்கள். ஃபீல்டுக்குக் கிளம்பும் மாணவிகளிடம் ஒன்றுதான் சொல்கிறேன்: அடுத்தவருக்குச் சொல்லப்போகும் அறிவுரையை, முதலில் அவர்கள் இடத்தில் அரை நாள் நின்று நீங்கள் கடைப்பிடித்துப் பாருங்கள்.