இரண்டு மணி நேரம் நின்ற கார்

இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுவதை முதலில் பார்த்தவர் முதலாளிதான். பின் சீட்டில் உட்காரும் வழக்கம் அவருக்கு இல்லை. நான் அவரிடம் கார் ஓட்டிய பதினெட்டு வருடமும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். "ஏலே, சூடு ஏறுது பாரு" என்றார். ஆலங்குளம் பக்கம் போகும் ஒரு கிளைச் சாலை அது. இருபுறமும் கரிசல் காடு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளில்லை. ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் சுற்றவில்லை.

முந்தின நாள் காலை, நாரணாபுரம் பக்கமிருந்த எங்கள் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் அறை தீப்பிடித்து ஒருவர் இறந்திருந்தார். கம்பெனி தொடங்கிய நாளில் முதல் ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஜாமீன் கிடைக்கும் வரை வெளியூரில் இருக்கும்படி சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலாளியைக் கெஞ்சினார்கள். அவர் கேட்கவில்லை. முதலில் அவன் முகத்தைப் பார்ப்போம், பிறகு ஸ்டேஷனுக்குப் போவோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். இறந்தவரின் ஊருக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருந்தது.

டிரைவராகும் முன் நான் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரிடம் நாலு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். பியூஸைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஹாரனுக்கு உள்ள ரிலேயை எடுத்து ஃபேனுக்கு மாட்டினேன், அப்போதும் ஓடவில்லை. பாட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து மோட்டாருக்கு நேராகக் கொடுத்ததும் ஃபேன் சட்டென்று சுற்றியது. மோட்டாரில் பழுதில்லை, கரண்ட் திரும்பிப் போகும் வழியில்தான் கோளாறு என்று புரிந்தது. பாடியோடு எர்த் வயரை இறுக்கியிருந்த போல்ட்டைத் தேடிப் பிடித்தேன். துருவும் பச்சைக் களிம்பும் ஏறி, வயர் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் சுரண்டி இறுக்கினேன். ஃபேன் ஓடியது. எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. இறந்தவரின் ஊரிலேயே குடியிருக்கும் என் மச்சினன் பேசினான். "மச்சான், இளவட்டப் பயலுக கம்போட நிக்கானுக. மொதலாளியக் கூட்டிட்டு வந்துராதீக. பொணத்தத் தூக்குன பெறகு வாங்க." போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். முதலாளி தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. சர்க்கரை நோயால் இடது காலில் ஆறாத புண், அதில் கட்டு. அந்த மனிதரைக் கம்போடு நிற்பவர்கள் நடுவில் இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இறுக்கிய போல்ட்டை நானே தளர்த்தினேன்.

மோட்டார் எரிந்துவிட்டது, சிவகாசியிலிருந்து ஆள் வர வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். சரி, நான் நடக்கிறேன் என்று எழுந்தார். ஐம்பது அடி போயிருப்பார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இந்தக் காலோடு போய்ச் சேர முடியாது, ஆள் வந்துகொண்டே இருக்கிறான் என்று சொல்லி உட்காரவைத்தேன். அவர் என்னை நம்பினார். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே இரண்டு மணி நேரம் போனது. பிறகு போல்ட்டை மறுபடி இறுக்கிவிட்டு, ஆள் வரக் காணோம், மோட்டார் எரியவில்லை, வயர்தான் விட்டிருந்தது, எப்படியோ ஒட்டவைத்துவிட்டேன் என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

நாங்கள் போனபோது சிதை எரிந்துகொண்டிருந்தது. யாரும் கை ஓங்கவில்லை. இறந்தவரின் மனைவி வீட்டு வாசலில் வந்து நின்று, "எம்புட்டு நேரம் வச்சிருந்தோம் மொதலாளி. நீங்க வராம இருக்க மாட்டீகன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன்" என்றார். முதலாளி அந்த வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்துதான் ஸ்டேஷனுக்குப் போனோம்.

ஜாமீனில் வந்த பிறகு ஒன்றரை வருடம் உயிரோடு இருந்தார். அதிகாரிகள் சீல் வைத்த கம்பெனியை மறுபடி திறக்கவேயில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நீயும் வெயில்ல கெடந்து எம்புட்டு பாடுபட்டே. நாந்தாம்லே நடந்து போயிருக்கணும்" என்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நர்ஸ் ஊசி போட வந்துவிட்டாள். அவள் போன பிறகும் நான் சொல்லவில்லை.

முதலாளி இறந்து நாலு மாதம் கழித்து, அன்று வாசலில் வந்து நின்ற அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கம்போடு நின்ற பையன்களை அன்று அந்த அம்மாவே அதட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். எந்த நேரத்தில் என்று கேட்டேன். என் மச்சினன் போன் பண்ணிய கொஞ்ச நேரத்துக்குள்தான் அது நடந்திருந்தது.

"மொதலாளி இருக்கையிலயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் அவர். "உன்னைய நாலு திட்டு திட்டியிருப்பாக. தன்னையே திட்டிக்கிட்டுப் போயிருக்க மாட்டாகல்ல."