அறுபது சென்ட் மழை

வானிலை ஆராய்ச்சியில் மேகத்தோடு மல்லுக்கட்டுவது பாதி வேலைதான். பார்த்ததை நாலு பேருக்குப் புரியும்படி சொல்வது மீதிப் பாதி என்று வேலைக்குச் சேரும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் நகரி பக்கம். தமிழும் தெலுங்கும் பேசுவேன் என்ற ஒரே காரணத்துக்காக, ஊர் ஊராகப் போய் மழையைப் பற்றிப் பேசும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். கல்யாண வீட்டில் "நீ இன்னா வேலமா பண்ற?" என்று கேட்டவர், நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் பந்திக்கு எழுந்துபோன அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நாம் ஒரே கட்சி.

மேடை ஏறியதும்

முதல் பொதுக்கூட்டம் திருப்பதியில் ஒரு கல்லூரி அரங்கில். எங்கள் நிலையத்து டிரைவர் ஏழுமலை வழியில், "இடி ஏம்மா சாயங்காலத்துலயே இடிக்குது?" என்று கேட்டார். பகலெல்லாம் தரை காய்கிறது, அந்தச் சூட்டுக்காற்று மேலே போய் மேகமாகத் திரள்கிறது, அதற்குள் சாயங்காலம் ஆகிவிடுகிறது என்று பேசிக்கொண்டே போனேன். மனுஷன் வண்டியை மெதுவாக்கிவிட்டுக் கேட்டார்.

அரங்கில் அதே விஷயத்தை நாற்பது ஸ்லைடுகளில் சொன்னேன். வரைபடம், சமன்பாடு, சிவப்புக் கோடு, நீலக் கோடு. முன்வரிசைப் பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். பின்வரிசை போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைதட்டினார்கள், பொன்னாடை போட்டார்கள். திரும்பி வரும்போது ஏழுமலை ரேணிகுண்டா தாண்டியதும் கேட்டார்: "கார்ல சொன்னது நல்லாப் புரிஞ்சிதும்மா. மேடை ஏறனதும் உங்களுக்கு இன்னா ஆச்சி?"

எந்த அறுபது?

கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் விவசாயிகள் கூட்டம். ஸ்லைடு கிடையாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். "நாளைக்கு மழைக்கு அறுபது சதவீதம் வாய்ப்பு" என்றேன். இதைவிட எளிமையாக எப்படிச் சொல்வது?

முனிரத்தினம் என்பவர் எழுந்தார். ஒரு ஏக்கர் வேர்க்கடலை போட்டிருக்கிறார். "நூறு சென்ட்ல அறுபது சென்ட்டுக்கு மழைன்ற. கெணத்துப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறார். அசடு வழிந்துகொண்டே, "நாளைக்கு மாதிரியே பத்து நாள் இருந்திச்சின்னா, அதுல ஆறு நாள் பேயும், நாலு நாள் பேயாது" என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் சொன்னார்: "சர்தான். நாளைக்கு அந்த ஆறுல ஒண்ணா, நாலுல ஒண்ணா? அத்த மட்டும் சொல்லிட்டுப் போம்மா."

காமாட்சியம்மா கேட்டது

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அறுவடை நேரம். அந்த ஊர் வாட்ஸ்அப் குழுவில், "அடுத்த ரெண்டு நாள் மழைக்கு வாய்ப்பு குறைவு" என்று போட்டேன். முனிரத்தினம் அதை நம்பி, ஆள் வைத்து மொத்தக் கடலையையும் பிடுங்கி நிலத்திலேயே காயப்போட்டார். மறுநாள் மூன்று மணிக்கு மலைப் பக்கம் ஒரு மேகம் திரண்டது. நாலரைக்குக் கொட்டித் தீர்த்துவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு நாள் வானம் மூடியே கிடந்தது.

"குறைவுன்னுதானே சொன்னோம், வராதுன்னு சொல்லலையே. நம்ம பேர்ல தப்பில்ல, அங்க போகாதே" என்றார் என் மேலதிகாரி. கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். ஆனாலும் மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போனேன். திட்டுவார்கள் என்று தயாராகத்தான் போனேன். முனிரத்தினம் திட்டவில்லை. ஒரு கைப்பிடி கடலையை எடுத்து என் கையில் வைத்தார். தோல் கறுத்து, சிலது முளைவிட்டிருந்தது.

"நான் சொன்னது பொய்யாப் போச்சுங்க" என்றேன். அதோடு நிறுத்தாமல், அந்த மேகம் எப்படி ஒன்றரை மணி நேரத்தில் உருவானது, எங்கள் கருவிகள் ஏன் அதை முன்கூட்டியே பிடிக்கவில்லை, எங்களுக்கே எது இன்னும் தெரியாது என்று எல்லாவற்றையும் வரப்பில் உட்கார்ந்து சொன்னேன். முனிரத்தினம் இடையிடையே கேள்வி கேட்டார். அவர் சம்சாரம் காமாட்சியம்மா கடலைச் செடியைப் புரட்டிப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நிமிர்ந்து, கோபமே இல்லாமல் சொன்னார்: "மழ வரதும் வராததும் உன் கையிலயா கீது? கம்மின்னு சொன்ன, சரி. தப்பித்தவறி வந்தா இன்னா பண்றதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தார்ப்பாயாவது எடுத்து வச்சிருப்பேனே."

பக்கெட்டில் மூழ்கிய பெட்டி

வானத்தின் சூடு, ஈரம், காற்று எல்லாம் அளந்து சொல்ல, தினமும் ஒரு பலூனில் சின்னப் பெட்டியைக் கட்டி மேலே விடுவோம். முப்பது கிலோமீட்டர் வரை ஏறி, பலூன் வெடித்து, பெட்டி எங்காவது விழும். ஒரு காலையில் பிச்சாட்டூர் பக்கத்திலிருந்து போன். பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டவர் ஒரு கான்ஸ்டபிள். "மேடம், மீதா? உங்களுதா? பாம் இல்லையே?"

போனால், நிலத்தில் ஊரே நின்றது. களை எடுக்க வந்த செல்வி என்ற பெண்தான் பெட்டியை முதலில் பார்த்தவர். சிவப்பு விளக்கு மினுக்கியதும் கத்தியிருக்கிறார். கான்ஸ்டபிள் அதைக் கம்பால் தள்ளி, ஒரு பக்கெட் தண்ணீரில் அமுக்கிவைத்திருந்தார். அது என்னவென்று நான் விளக்கியதும், "முப்பது கிலோமீட்டர் போய் வந்ததுக்கு ஒண்ணும் ஆகல. என் பக்கெட்லதான் செத்துப்போச்சு" என்று அவரே நொந்துகொண்டார்.

பெட்டியைத் துடைத்துக் காட்டி, மேலே மைனஸ் எழுபது டிகிரிக்குப் போய்வந்தது என்றேன். செல்வி விடவில்லை. "மேல போவப் போவ சூரியனுக்குக் கிட்டத்தானே போவுது? சூடாத்தானே ஆவணும்?"

கல்லூரி அரங்கில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. "தோசைக்கல்லுகிட்ட கை வச்சா?" என்றேன். "சுடும்." "ரெண்டு மொழம் மேல தூக்கினா?" "சுடாது." "வெயில் மொதல்ல தரையத்தான் காய வைக்குது. தரை காத்தச் சூடாக்குது. நாம கல்லுமேலதான் நின்னுகினு கீறோம்."

செல்வி காலடி மண்ணைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். மேலே காற்று எந்தப் பக்கம் அடிக்கும்? ஆலங்கட்டி எங்கே உறைகிறது? களை அன்றைக்கு அப்படியே நின்றது. கிளம்பும்போது, கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செல்வி சொன்னார்: "இது எங்க தலைக்கு மேலயே போய்க்கினு கீது, அது சொல்றத நீங்க மட்டும் கேட்டுகினு இருந்தா எப்டி? எங்களுக்கும் சொல்லுங்க."

மழை எப்போது வரும் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் அதைச் சொல்லி முடித்ததும் எந்தக் கேள்வி வரும் என்று கணிக்க எங்கள் நிலையத்தில் இதுவரை ஒரு கருவியும் வாங்கவில்லை.