கொல்லைக் கதவு ஒன்று சேதம்

வெள்ளம் வருமுன் கணக்கெடுப்பது என் உத்தியோகம். அந்தக் கணக்கில் கறவைப் பசு வரும், கன்று வரும், ஊஞ்சல் பலகைகூட வரும். மாதத்தில் மூன்று நாள் கொல்லைக்கோடி அறையில் ஒதுக்கிவைக்கப்படும் பெண் மட்டும் வரமாட்டாள். சென்னைக்குப் போய்ச் சரித்திரம் படித்துப் பி.ஏ. பட்டத்தோடு திரும்பிய என்னை, ஸ்ரீரங்கத்து வெள்ள முன்னெச்சரிக்கைக் கமிட்டியார் பெண்கள் பகுதிக்குக் காரியதரிசியாக நியமித்தார்கள். ஆண்கள் நுழைய முடியாத சமையலறைகளுக்குள் நுழைய அவர்களுக்கு ஒரு புடவை தேவைப்பட்டது. புடவையோடு ஒரு மூளையும் சேர்ந்து வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கையில் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கி, "வராத வெள்ளத்துக்கு இப்பவே என்ன அவசரம்?" என்று வாங்கிக்கட்டிக்கொண்ட சகோதரிகள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் எப்படியும் நம்பப்போவதில்லை.

வீட்டில் எத்தனை பேர்?

ஊரின் வடகோடியில், கொல்லைப்புறம் கொள்ளிடத்தைப் பார்த்திருக்கும் தெருவில் ஒரு வக்கீல் வீடு. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். "நாலு பேர்" என்றார் வக்கீல். அவருக்குப் பின்னால், கதவிடுக்கில் மட்டுமே மூன்று புடவைத் தலைப்புகள் தெரிந்தன. பெண்களையும் சேர்த்துச் சொல்லும்படி வேண்டினேன். "பொம்மனாட்டிகளா? வேணுங்கற அளவுக்கு இருக்கா" என்றார், குதிரில் உள்ள நெல்லைச் சொல்வதுபோல.

வெளியே வந்து, பின்சந்து வழியாகச் சுற்றிப் போனேன். கொல்லைக் கோடியில், அந்த மனையிலேயே மிகத் தாழ்ந்த இடத்தில், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்குமளவுக்கு ஓர் அறை. வக்கீலின் மனைவி கோமளம் கிழிந்த பாயில் அமர்ந்து, எதையோ பொட்டலம் கட்டி வந்த பழைய பத்திரிகைத் தாளை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். இருபது வயதுக்கு மேல் இராது. வீட்டுக்குள் போகும் கொல்லைக் கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. அந்த மூன்று நாளும் அப்படித்தானாம். உன் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். "நாளைக் கழிச்சுத்தான் நான் ஆத்துக்குள்ளே வருவேன், அக்கா. அப்ப வந்து எண்ணிக்கோங்கோ."

கமிட்டியின் சுத்தம்

சில வருஷங்களுக்கு முன் வந்த பெருவெள்ளம் எந்த வீட்டிலும் வாசற்கதவைத் தட்டி உத்தரவு கேட்டுக்கொண்டு நுழையவில்லை. வடக்குத் தெருக்களில் கொல்லை வழியாகவே புகுந்தது. கமிட்டியில் இருந்த ஒவ்வொருவரும் அதைக் கண்ணால் கண்டவர்கள். ஆகவே கூட்டத்தில் இரண்டு யோசனைகள் சொன்னேன். மேலணையிலிருந்து அபாயத் தந்தி வந்ததும் முன்தெருவில் அடிக்கும் தமுக்கைப் பின்சந்துகளிலும் அடிக்க வேண்டும். கொல்லை அறை ஒவ்வொன்றின் சுவரிலும் ஓர் ஏணி சார்த்திவைக்க வேண்டும். வீட்டுக்குள் கால் வைக்காமலே அறையின் கூரைக்கு ஏறிவிடலாம். ஆசாரமும் பிழைக்கும், ஆளும் பிழைப்பாள்.

ஏணிக்குச் சம்மதம் கிடைத்தது, அது யாருக்கு என்பதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு. தமுக்கு தள்ளுபடி ஆயிற்று. தலைவர் ஓய்வுபெற்ற டிப்டி கலெக்டர். வெள்ளத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அசுத்தத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். செத்த ஆட்டையும் சாக்கடையையும் புரட்டிக்கொண்டு வரும் கொள்ளிடம் நம் வீட்டுப் பெண்களைவிடச் சுத்தமோ என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "சர்வகலாசாலையிலே இதைத்தான் சொல்லிக் குடுக்கறாளா, அம்மா?"

காதர் பாயின் யோசனை

ஏணிகளைச் சுவரோடு பிணைக்கக் கயிறு வேண்டியிருந்தது. திருச்சிப் பெரிய கடைவீதியில் கயிற்று வியாபாரம் செய்யும் காதர் பாயிடம் போனேன். இவ்வளவு கயிறு எதற்கு என்று கேட்டார். கூச்சப்படாமல் சொன்னேன். கூச்சப்பட வேண்டியவள் நானல்ல.

பாய் கயிற்றை முழம் போடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "எங்க வீட்டுப் பொம்பளைங்களும் வாசல்ல வந்து நிக்கிறவங்க இல்லம்மா. ஆனா தண்ணி வந்துச்சுன்னா மொதல்ல அவங்களைத்தான் மச்சுல ஏத்துவோம். நீங்க கயிறு வாங்கி, ஏணி கட்டி, இவ்வளவு பாடுபடுறீங்களே, அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டிப் போட்டா வேலை முடிஞ்சுதே?"

ஏணி ஏறிய இடம்

ஒரு மாதம் கழித்து ஏணிகளைப் பார்வையிடப் புறப்பட்டேன். வக்கீல் வீட்டுக் கொல்லையில் நான் கட்டிய கயிறு மட்டும் சுவரில் தொங்கியது. ஏணி வீட்டுக்குள், பரணில் சாய்ந்திருந்தது. வக்கீலின் தாயார் அதன் மேற்படியில் நின்று, மாவடு ஜாடியை மார்போடு அணைத்தபடி இறங்கிக்கொண்டிருந்தார். இது கொல்லை அறைக்கு என்று கொடுத்ததல்லவா, மாமி என்றேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு படித்தவளுக்கு இவ்வளவு சின்ன விஷயம் புரியவில்லையே என்ற இரக்கம் அந்தப் பார்வையில் இருந்தது. "அவ தொட்டுட்டா அப்புறம் யாரு இதுல ஏறறது? ஊறுகா ஜாடியெல்லாம் பரண் மேலேன்னா இருக்கு!"

இரண்டு அடி கூடுதல்

ஆவணியில் ஒரு நாள், விடிந்து சற்று நேரத்தில் மேலணைத் தந்தி வந்தது. தமுக்கடிக்கும் மாரிமுத்து தெருமுனையில் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார். பின்சந்திலும் அடிக்கச் சொன்னேன்.

"முன்தெருவுக்குத்தானுங்க உத்தரவு. பின்னாடி போய் அடிச்சா, யாரைடா கூப்பிடுறேன்னு கேப்பாங்க." யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லும்படி சொன்னேன். மாரிமுத்து தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்சந்துப் பக்கமாகவே திரும்பினார். "உங்க பேரைச் சொன்னா இன்னும் ரெண்டு அடி சேர்த்து விழுமுங்க, அம்மா."

தளிகையுள் வழி

தண்ணீர் வடக்குத் தெருவை எட்டிய நேரத்தில் நான் முன்வாசல் வழியாக வக்கீல் வீட்டு மாடிக்கு ஓடினேன். என் ஒரு வருஷத்துப் போதனை வீண்போகவில்லை. முன்னேற்பாடு பிரமாதமாக இருந்தது. பெருமாள் பெட்டி வந்திருந்தது. வக்கீலின் கேஸ் கட்டுகள் வந்திருந்தன. மாவடு ஜாடிகள் வந்திருந்தன. கன்றுக்குட்டியை இரண்டு பேர் தூக்கி வந்திருந்தார்கள். ஏணியும் நனையாமல் பத்திரமாக மாடிக்கு வந்திருந்தது. கோமளம் எங்கே என்று கேட்டேன். வக்கீல் தாயாரைப் பார்த்தார். தாயார் சொன்னார்: "இன்னிக்கு ரெண்டாம் நாள்."

கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். கொல்லை அறையில் பாதிச் சுவர் வரை செந்தண்ணீர். அறைக்குள் யாரும் இல்லை. எங்கோ பின்சந்தில் மாரிமுத்துவின் தமுக்கு நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் படியிறங்கியதில்லை. பாதிப் படியில் இருந்தபோது கீழே கல் மரத்தில் மோதும் சத்தம் கேட்டது. ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை கதவு பிளந்தது. தோய்க்கிற கல்லின் அருகே கிடந்த குழவியை இரண்டு கையாலும் ஏந்தியபடி, இடுப்பு வரை நனைந்து, கோமளம் உள்ளே வந்தாள். என்னைக் கடந்து மாடிக்கு ஏறினாள். பெருமாள் பெட்டிக்கு எதிரே போய்த்தான் நின்றாள். நிற்க வேறு இடம் இல்லை.

மாமி முதலில் கேட்டது, அவர்கள் தளிகையுள் என்று சொல்லும் சமையலறையைப் பற்றி. "தளிகையுள் வழியாவாடி வந்தே?"

கோமளம் குழவியைக் கேஸ் கட்டுகளின்மேல் வைத்தாள். "ஆமாம்மா. கொள்ளிடமும் என் பின்னாடியே அந்த வழியாத்தான் வந்துண்டிருக்கு. அதையும் கேளுங்கோ."

தண்ணீர் வடிந்தது. சேற்றை விளக்குமாற்றால் பெருக்கினார்கள். அவள் நடந்த வழியை மந்திரம் சொல்லிச் சுத்தம் செய்தார்கள். கமிட்டி அறிக்கையில் அந்த வீட்டைப் பற்றி ஒரே வரி: "கொல்லைக் கதவு ஒன்று சேதம்." வக்கீல் அவளை ஜீயபுரத்தில் உள்ள பிறந்தகத்துக்கு அனுப்பினார், திரும்ப அழைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கோமளம் உபாத்தியாயினிப் பரீட்சை எழுதித் தேறி, இப்போது கொள்ளிடமும் காவேரியும் எட்டிப்பார்க்காத மணப்பாறையில், மாதத்தில் முப்பது நாளும் எல்லாரையும்போலப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து பாடம் நடத்துகிறாள். நான் விசாரித்த வரையில், அந்த ஊரில் ஓர் ஊறுகாய் ஜாடிகூடக் கெட்டுப்போகவில்லை.